சூப் கொடுத்த வாசல்: கிராக்கோவின் இறை இரக்கத் திருத்தலம்

போலந்து நாட்டின் பழைய தலைநகரம் கிராக்கோவ். விஸ்துலா நதிக்கரையில் வாவெல் கோட்டை, நடுநகரில் பிரமாண்டமான சந்தைச் சதுக்கம், சற்றுத் தள்ளி வியெலிச்கா உப்புச் சுரங்கம் என்று சுற்றுலாப் பயணிகளுக்கு அங்கே பார்க்க நிறைய இருக்கிறது. டிராம் ஏறித் தெற்குப் பக்கம் போனால் வாகியெவ்னிக்கி என்ற பகுதி வரும். ஒரு காலத்தில் இது நகரத்துக்கு வெளியே இருந்த கிராமம். இன்று ஆண்டு முழுவதும் உலகின் பல நாடுகளிலிருந்தும் யாத்ரீகர்கள் இங்கே வந்து இறங்குகிறார்கள்.

அவர்கள் தேடி வருவது இறை இரக்கத் திருத்தலம். வெள்ளை அங்கி அணிந்த இயேசு, ஒரு கை ஆசி வழங்க, மறு கை நெஞ்சைத் தொட, அங்கிருந்து சிவப்பும் வெளுப்புமாக இரண்டு ஒளிக்கற்றைகள் பாயும் படத்தைத் தமிழ்நாட்டிலும் பல கத்தோலிக்க வீடுகளில் பார்த்திருப்போம். 'இயேசுவே, உம்மில் நம்பிக்கை வைக்கிறேன்' என்று அதன் கீழே எழுதியிருக்கும். அந்தப் பக்தியை உலகுக்குத் தந்த அருட்சகோதரி வாழ்ந்ததும், இறந்ததும், அடக்கம் செய்யப்பட்டதும் இங்கேதான்.

மூன்று வருடப் படிப்பு

சிவப்புச் செங்கல்லால் கட்டிய இந்தக் கன்னியர் மடம் 1891-ல் திறக்கப்பட்டது. இரக்கத்தின் அன்னை சபைச் சகோதரிகள் இதைத் தொடங்கியது பக்திக்காக மட்டும் அல்ல. வாழ்க்கையில் தடம் மாறிப்போன, ஊர் ஒதுக்கிய இளம்பெண்களைச் சேர்த்துக்கொண்டு, வேலை கற்றுக்கொடுத்து, மறுபடி தலைநிமிர்ந்து வாழவைப்பதுதான் அவர்களுடைய பணி. அதனால் இந்த வீட்டுக்கு 'இரக்க இல்லம்' என்றே பெயர். நெசவு, பூத்தையல், சலவை, தோட்டவேலை என்று எப்போதும் ஏதாவது நடந்துகொண்டிருந்த இடம் இது.

1926-ல் நவகன்னியர் பயிற்சிக்காக இங்கே வந்து சேர்ந்தவர் ஹெலனா கோவால்ஸ்கா. 1905-ல் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில், பத்துப் பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனது மூன்று வருடத்துக்கும் குறைவு. டீன் ஏஜிலேயே அடுத்தவர் வீடுகளில் வேலைக்காரப் பெண்ணாக இருந்தவர். மடத்தில் அவருக்கு வைக்கப்பட்ட பெயர் பவுஸ்தினா. படிப்பில்லாத சகோதரிகளுக்கு அந்தக் காலத்தில் உடலுழைப்புதான் ஒதுக்கப்படும். சமையலறை, தோட்டம், வாசல்காவல் என்று சபையின் பல இல்லங்களில் அவர் மாறி மாறி வேலை பார்த்தார்.

1931 பிப்ரவரி 22 அன்று பிவோத்ஸ்க் நகரிலுள்ள மடத்தில் தமக்கு இயேசு காட்சி கொடுத்ததாகவும், அந்த உருவத்தைப் படமாக வரையச் சொன்னதாகவும் பவுஸ்தினா எழுதியிருக்கிறார். அவருக்கோ வரையத் தெரியாது. மூன்று வருடம் கழித்து, வில்னியுஸ் நகரில் எவுகேனியுஷ் கசிமிரோவ்ஸ்கி என்ற ஓவியர் வரைந்தார். முடிந்த படத்தைப் பார்த்த பவுஸ்தினாவுக்கு ஏமாற்றம். தாம் கண்ட அழகு அதில் வரவில்லையே என்று அழுதார். வண்ணத்திலும் தூரிகையிலும் அல்ல, அருளில்தான் இந்தப் படத்தின் பெருமை இருக்கிறது என்று தமக்குப் பதில் கிடைத்ததாக நாட்குறிப்பில் குறித்துவைத்தார்.

காசநோய் முற்றிய நிலையில் 1936-ல் கிராக்கோவுக்குத் திரும்பி வந்தவர், 1938 அக்டோபர் 5 அன்று இந்த மடத்திலேயே கண்மூடினார். வயது 33.

இரண்டாம் முறை வந்த ஏழைகள்

நோயோடு இருந்த அந்தக் கடைசிக் காலத்தில் பவுஸ்தினாவுக்குக் கொடுக்கப்பட்ட வேலைகளில் ஒன்று, மடத்தின் வாசலைக் கவனிப்பது. வேலையில்லாதவர்களும் பசித்தவர்களும் வாசலுக்கு வருவார்கள். கதவைத் திறந்து, கேட்டு, இருப்பதைக் கொடுத்து அனுப்ப வேண்டும்.

1937-ல் ஒரு நாள், மழையும் குளிருமான நேரம். செருப்பில்லாத காலோடு, கிழிந்த துணியோடு ஓர் இளைஞன் வந்து, சூடாக ஏதாவது சாப்பிடக் கிடைக்குமா என்று கேட்டான். பவுஸ்தினா சமையலறைக்குப் போய்ப் பார்த்தார். ஏழைகளுக்கென்று எடுத்துவைத்தது எதுவும் மிச்சமில்லை. அங்குமிங்கும் தேடி, கொஞ்சம் சூப் இருப்பதைக் கண்டுபிடித்து, சூடாக்கி, ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அவன் குடித்து முடித்துக் குவளையைத் திருப்பித் தந்தபோதுதான், வந்தவர் இயேசு என்று தமக்குத் தெரிந்ததாக எழுதுகிறார். அடுத்த கணம் அவர் அங்கே இல்லை.

இறை நம்பிக்கை உள்ளவர்கள் இந்தச் சம்பவத்தைத்தான் அதிகம் சொல்வார்கள். அதே நாட்குறிப்பில், அற்புதம் எதுவும் இல்லாத இன்னொரு வாசல் சம்பவமும் இருக்கிறது. ஒருமுறை வாங்கிக்கொண்டு போன ஏழைகளே மறுபடியும் வந்து நின்றார்கள். பவுஸ்தினாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஆனாலும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவர்கள் கூச்சப்படக் கூடாது என்று, முதல்முறையைவிடக் கனிவாக நடந்துகொண்டார். அவர்களும் தயக்கம் விட்டுத் தங்கள் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள். கூட இருந்த இன்னொரு சகோதரிக்கு இது பிடிக்கவில்லை. இப்படியா இவர்களிடம் நடந்துகொள்வது என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அந்தச் சகோதரியைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் கோயில் வாசலிலும் சிக்னலிலும் நாம் நினைப்பதும் அதைத்தானே? 'நேற்றுதானே கொடுத்தோம்' என்ற கணக்கு எல்லா வீட்டு வாசலிலும் ஓடுகிறது. கடவுள் தன்னை எத்தனையாவது முறை மன்னிக்கிறார் என்று எண்ணிப் பார்த்தவருக்கு, வாசலில் நிற்பவர் எத்தனையாவது முறை வருகிறார் என்று எண்ண மனம் வராது. பவுஸ்தினா இரண்டாம் முறை வந்தவர்களிடம் நடந்துகொண்ட விதத்துக்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

செயலால், சொல்லால், செபத்தால் என்று மூன்று வழிகளில் பிறருக்கு இரக்கம் காட்ட வேண்டும் என்பது அவர் எழுதிவைத்த செய்தியின் முக்கியப் பகுதி. செயலால் முடியாதவர் சொல்லால் காட்டலாம். அதுவும் முடியாத இடத்தில் செபிக்கலாம். முடியவில்லை என்று ஒதுங்க மட்டும் வழியில்லை. படத்துக்கு முன் முழந்தாளிட்டு இரக்கம் கேட்பவர், எழுந்து போனதும் அதை அடுத்தவருக்குக் கொடுத்தாக வேண்டும்.

மரக்கட்டைச் செருப்போடு வந்த இளைஞர்

பவுஸ்தினா இறந்து ஒரு வருடம் ஆவதற்குள் ஜெர்மானியப் படைகள் போலந்தைப் பிடித்துக்கொண்டன. அந்த இருட்டுக் காலத்தில்தான் மடத்தின் சிற்றாலயத்துக்கு வெளியாட்கள் வரத் தொடங்கினார்கள். போரில் தன் குடும்பம் தப்பியதற்கு நன்றியாக, அடோல்ஃப் ஹிவா என்ற ஓவியர் இறை இரக்கப் படம் ஒன்றை 1943-ல் வரைந்து கொடுத்தார். அடுத்த ஆண்டு, பக்கவாட்டுப் பீடத்தின் அளவுக்குப் பொருந்தும்படி இன்னொன்று வரைந்தார். இன்று சிற்றாலயத்தில் இருப்பதும், உலகம் முழுக்கப் பிரதி எடுக்கப்பட்டதும் அந்த இரண்டாவது படம்தான். அதற்கு நேர் கீழே பவுஸ்தினாவின் எலும்புகள் வெள்ளைப் பளிங்குப் பேழையில் வைக்கப்பட்டிருக்கின்றன.

அந்தப் போர்க்காலத்தில், பக்கத்திலிருந்த சோல்வே சோடா ஆலையில் வேலை பார்த்த ஓர் இளைஞர், ஆலைக்குப் போகும் வழியில் இந்தச் சிற்றாலயத்துக்கு வருவார். காலில் மரக்கட்டைச் செருப்பு. பெயர் கரோல் வொய்த்தீவா. பின்னாளில் போப் இரண்டாம் ஜான் பால் ஆனவர் அவர்தான்.

பவுஸ்தினாவின் எழுத்துகளுக்கு ஒரு சோதனைக் காலமும் வந்தது. தவறான மொழிபெயர்ப்புகளால் எழுந்த சந்தேகத்தில், அவர் சொன்ன வடிவிலான பக்தியைப் பரப்ப 1959-ல் வத்திக்கான் தடை விதித்தது. கிராக்கோவ் பேராயராக இருந்த வொய்த்தீவா, 1965-ல் பவுஸ்தினாவின் வாழ்க்கையை முறைப்படி விசாரிக்கும் பணியைத் தொடங்கிவைத்தார். 1978 ஏப்ரலில் தடை நீங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் அவர் போப் ஆனார். 2000 ஏப்ரல் 30 அன்று பவுஸ்தினாவைப் புனிதராக அறிவித்து, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையை 'இறை இரக்க ஞாயிறு' ஆக்கினார்.

எளிதில் செரிக்காத இரண்டு சம்பவங்கள்

பசித்தவனுக்கு சூப் கொடுப்பதை யாரும் எதிர்க்கப்போவதில்லை. தீங்கு செய்தவனுக்கு இரக்கம் உண்டா என்ற கேள்வி வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அந்தக் கேள்வியிலிருந்து கிராக்கோவ் தப்பவே முடியாது. மேற்கே சுமார் 65 கிலோமீட்டரில் இருக்கிறது அவுஷ்விட்ஸ். நாஜிகள் சுமார் 11 லட்சம் பேரைக் கொன்ற முகாம் அது. அவர்களில் பத்து லட்சம் பேர் யூதர்கள்.

அந்த முகாமின் முதல் தளபதி ருடால்ஃப் ஹோஸ். (ஹிட்லரின் துணைத் தலைவர் ருடால்ஃப் ஹெஸ் வேறு ஆள்.) போருக்குப் பின் பிடிபட்ட இவருக்கு 1947 ஏப்ரலில் வார்சா தீர்ப்பாயம் தூக்குத்தண்டனை விதித்தது. காத்திருந்த நாட்களில் வொய்த்தீவா பிறந்த ஊரான வதோவித்ஸே சிறையில் இருந்தார். சிறு வயதில் கத்தோலிக்கராக வளர்ந்து, பின்பு திருச்சபையை விட்டு விலகியவர் அவர். பாவசங்கீர்த்தனம் செய்ய ஒரு குரு வேண்டும் என்று கேட்டார். ஜெர்மன் மொழி தெரிந்த குரு ஒருவரைத் தேடினார்கள். வாகியெவ்னிக்கி மடத்தில் ஆன்மிகப் பணி செய்துவந்த இயேசு சபைக் குரு விவாதிஸ்வாவ் லோன் போனார். ஏப்ரல் 10 அன்று பாவசங்கீர்த்தனம் கேட்டார். மறுநாள் நற்கருணை கொடுத்தார். அதற்கு அடுத்த நாள் ஹோஸ் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஓர் அறிக்கை எழுதினார். மனிதத்தன்மை என்றால் என்ன என்பதைப் போலந்துச் சிறைகளில்தான் தெரிந்துகொண்டதாக அதில் குறிப்பிட்டார். ஏப்ரல் 16 அன்று, அவர் ஆண்ட அதே முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

இந்தச் சம்பவத்தைக் கேட்கும் பலருக்கு மனம் ஒப்புவதில்லை. ஒப்பாததில் தவறும் இல்லை. கொல்லப்பட்ட அத்தனை பேர் சார்பாக மன்னிக்கும் உரிமை அந்தக் குருவுக்குக் கிடையாது. கிறிஸ்தவ நம்பிக்கையின்படி அவர் செய்தது, மனம் வருந்தியவனுக்குக் கடவுளின் மன்னிப்பைத் தெரிவித்தது மட்டுமே. தண்டனை ரத்தாகவில்லை. நீதி தன் வேலையைச் செய்தது. ஆனாலும், ஜெர்மானிய ஆட்சியின் கொடுமையை நேரில் கண்ட ஒரு நாட்டின் குரு, அந்த மனிதன் இருந்த சிறைக்கு நடந்து போனார். இரக்கம் கேட்டவனுக்குக் கதவைச் சாத்தவில்லை.

இரண்டாவது சம்பவம் 1965 நவம்பரில் நடந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடியும் நேரத்தில், போலந்து ஆயர்கள் ஜெர்மன் ஆயர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். தாங்கள் மன்னிப்பதாகவும், தங்களையும் மன்னிக்கும்படி கேட்பதாகவும் அதில் சொல்லியிருந்தார்கள். போர் முடிந்து இருபது வருடம்தான் ஆகியிருந்தது. போலந்து இழந்த குடிமக்கள் ஏறத்தாழ அறுபது லட்சம். கையெழுத்திட்டவர்களில் வொய்த்தீவாவும் ஒருவர்.

கம்யூனிஸ்ட் அரசு கொதித்தது. யாரைக் கேட்டு மன்னித்தீர்கள் என்று பத்திரிகைகள் தாக்கின. டிசம்பரில், சோல்வே சோடா ஆலைத் தொழிலாளர்கள் பெயரில் வொய்த்தீவாவைக் கண்டித்து ஒரு பகிரங்கக் கடிதம் கிராக்கோவ் நாளிதழில் வந்தது. அவர் மரக்கட்டைச் செருப்போடு வேலைக்குப் போன அதே ஆலை. ஆக்கிரமிப்புக் காலத்தில் தாமும் அவர்களோடு சேர்ந்து உழைத்ததை நினைவுபடுத்தி அவர் பதில் எழுதினார். கையெழுத்தைத் திரும்பப் பெறவில்லை. போலந்துக்கும் ஜெர்மனிக்கும் இடையே பின்னாளில் ஏற்பட்ட நல்லுறவைப் பற்றி எழுதும் வரலாற்றாசிரியர்கள், அந்தக் கடிதத்தை முக்கியமான தொடக்கமாகக் குறிப்பிடுகிறார்கள்.

கப்பல் கோயிலும் ரத்தக்கறை அங்கியும்

பழைய சிற்றாலயத்தில் கூட்டம் தாங்காமல் போகவே, மடத்தின் பக்கத்தில் புதிய பசிலிக்கா கட்டினார்கள். கட்டடக் கலைஞர் விதோல்த் செங்கியெவிச் வடிவமைத்த இது, தூரத்திலிருந்து பார்த்தால் கப்பல் போல இருக்கும். பக்கத்தில் 77 மீட்டர் உயரக் கோபுரம். அதன் மேல்தளத்திலிருந்து நகரம் முழுவதையும் பார்க்கலாம். உள்ளே நற்கருணைப் பேழை பூமி உருண்டை வடிவில் இருக்கிறது. அதைச் சுற்றி, காற்று அலைக்கழித்த ஒரு புதர் வளைந்து நிற்கிறது. துன்பக் காற்றில் ஆடும் மனித வாழ்க்கையைக் காட்டும் சிற்பம்.

2002 ஆகஸ்ட் 17 அன்று பசிலிக்காவை நேர்ந்தளித்தவர் இரண்டாம் ஜான் பால்தான். அப்போது அவருக்கு 82 வயது, உடல் தளர்ந்திருந்தது. மரக்கட்டைச் செருப்போடு இங்கே வந்துபோன இளைஞன் ஒருநாள் இந்தக் கோயிலை நேர்ந்தளிப்பான் என்று யார் நினைத்திருப்பார்கள் என்று அவரே அன்று வியந்தார். 2005 ஏப்ரல் 2 அன்று, இறை இரக்க ஞாயிறுக்கு முந்தைய இரவில் அவர் காலமானார்.

திருத்தலத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் அவர் பெயரில் இன்னொரு ஆலயமும் மையமும் உண்டு. அந்த இடத்துக்கு 'வெண்கடல்' என்று பெயர். சோடா ஆலையின் வெள்ளைச் சுண்ணாம்புக் கழிவு பல வருடம் கொட்டப்பட்ட நிலம் என்பதால் வந்த பெயர். 1981 மே 13 அன்று ரோமில் மெஹ்மெத் அலி ஆக்ஜா சுட்டபோது போப் அணிந்திருந்த, ரத்தக்கறை படிந்த வெள்ளை அங்கி இங்கேதான் வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டரை வருடம் கழித்து, கிறிஸ்துமஸ் முடிந்த இரண்டாம் நாள், அவர் ரோமிலுள்ள சிறைக்குப் போய் ஆக்ஜாவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினார். அப்போதும் ஆக்ஜாவின் தண்டனை ரத்தாகவில்லை. அவர் சிறையிலேயே இருந்தார்.

போக விரும்புகிறவர்களுக்கு

கிராக்கோவ் மையத்திலிருந்து டிராமில் அரை மணி நேரத்தில் வாகியெவ்னிக்கி போய்விடலாம். 'கிராக்கோவ் சான்க்துவாரியும்' என்ற பெயரில் ரயில் நிறுத்தமும் இருக்கிறது. பார்க்க அரை நாளாவது ஒதுக்க வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்குச் சிற்றாலயத்தில் இருக்கும்படி திட்டமிடுவது நல்லது. இயேசு சிலுவையில் உயிர்விட்ட நேரம் என்பதால், அதை இரக்கத்தின் நேரமாகக் கருதிச் செபிக்கிறார்கள். போலிஷ் மொழி தெரியாவிட்டாலும் என்ன சொல்கிறார்கள் என்று மனசுக்குப் புரியும். இறை இரக்க ஞாயிறன்று பெரும் கூட்டம் கூடும். அமைதி வேண்டுமென்றால் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம்.

ஏப்ரல் மாதத்திலும் குளிர் இருக்கும், கம்பளி வேண்டும். பசிலிக்காவை மட்டும் பார்த்துவிட்டுப் பலர் பஸ் ஏறிவிடுகிறார்கள். செங்கல் மடத்தையும் சிற்றாலயத்தையும் பார்க்காமல் வருவது, மூலவரைப் பார்க்காமல் கோபுரத்தை மட்டும் பார்த்துத் திரும்புவது போல.

மடத்தைப் பற்றி ஒரு விஷயம், புகைப்படங்களில் தெரியாதது. இளம்பெண்களுக்காகச் சகோதரிகள் நடத்திவந்த இல்லத்தை 1962-ல் கம்யூனிஸ்ட் அரசு அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. ஆட்சி மாறிய காலத்தில் அது திரும்ப வந்ததும், சகோதரிகள் பழைய வேலையையே மறுபடி தொடங்கினார்கள். இன்றும் சிக்கலான சூழலிலிருந்து வரும் பெண்பிள்ளைகள் புனித பவுஸ்தினாவின் பெயர் கொண்ட விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். ஒருமுறை தவறிவிட்டு, மறுபடியும் தவறிவிட்டு வரும் பிள்ளைகளும் அவர்களில் இருக்கக்கூடும். அவர்களுக்கும் கதவு திறந்துதான் இருக்கிறது.